பூட்டி சொல்லாத பெயர்

"அம்மப்பாவுக்கு நான் பேரப்பிள்ளை இல்லையாம். கந்தோரில சொல்லிப்போட்டினம்."

சின்னம்மா தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவருடைய குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மழை பிந்திவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். மிகவும் பயந்திருக்கும்போதுதான் அவர் அப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரியும்.

சின்னம்மா என் தாயின் தங்கை, கணவரை இழந்தவர். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம் போகும் பக்கமாக, வாய்க்கால் பாயும் ஒரு காணியில் தன் மகளோடு இருக்கிறார். முன்னால் குடியிருக்கும் மேட்டுக்காணி, பின்னால் நெல்வயல். காடு வெட்டிக் குடியேற்றிய காலத்தில் அரசாங்கம் அந்தக் காணியை என் பூட்டனுக்கு, அதாவது சின்னம்மாவின் அம்மப்பாவுக்கு, அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பொமிற் என்பார்கள். பூட்டன் சில வருடங்களில் இறந்துபோனார். அதன்பின் பூட்டி வயலைச் செய்தார். பூட்டிக்குப் பிறகு அவருடைய மூத்த மகளான என் அம்மம்மாவும், அம்மம்மாவுக்குப் பிறகு சின்னம்மாவும் செய்தார்கள். மண்வெட்டி கைமாறியதே தவிர, பொமிற்றில் பெயர் மாறவில்லை. மாற்ற வேண்டிய வருடங்களில் போர் நடந்தது. எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது காணி இருந்தது, எல்லைக்கல் இருந்தது, வீடு இருக்கவில்லை.

அன்று போட்ட தகரக் கொட்டில்தான் இன்றும் அவர்களுடைய வீடு. கல்வீட்டுத் திட்டத்தில் சேர்வதற்குக் காணி சின்னம்மாவின் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். பெயர் மாற்றக் கந்தோருக்கு, அதாவது காணி அலுவலகத்துக்கு, போன இடத்தில்தான் சிக்கல் வெளிப்பட்டது. பொமிற்றில் பூட்டனின் பெயர் ஒன்றாக இருந்தது. அம்மம்மாவின் பிறப்புப் பதிவில் தகப்பனின் பெயர் வேறொன்றாக இருந்தது. எழுத்துப் பிழை என்று தள்ளிவிடக்கூடிய வேறுபாடும் அல்ல. முதலெழுத்துக்கூட ஒத்துப்போகவில்லை. காகிதத்தின்படி என் அம்மம்மா வேறு யாரோ ஒருவருடைய மகள். பொமிற்காரருக்கு வாரிசு இல்லை. வாரிசில்லாத காணியை இன்னொருவருக்குக் கொடுக்க இடமுண்டு. அதற்கு ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பித்திருப்பதாகவும் சின்னம்மாவின் காதில் விழுந்திருந்தது.

அவரைச் சுட்டது அது மட்டுமல்ல. "செத்தவீடு ஒண்டில கதைச்சவையாம்," என்று, தான் அம்மம்மா என்று அழைக்கும் என் பூட்டியைப் பற்றிச் சொன்னார். "அம்மம்மாவுக்கு முதல் ஒருத்தர் இருந்தவராம். எங்கட அம்மா அந்த ஆளின்ர பிள்ளையாம். செத்து எத்தினை வருசமாப் போச்சுது. இப்ப இருந்து அந்த மனிசிக்கு ரெண்டாங் கலியாணம் செய்து வைக்கினம்."

நான் வவுனியாவில் வசிக்கிறேன். பழைய எழுத்துகளை வாசிப்பதற்கு எனக்குப் பொறுமை உண்டு என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்த விடயம். "நீதான் பிள்ளை பாக்கவேணும்," என்று சின்னம்மா சொன்னார். காணி உத்தியோகத்தர் அடுத்த விசாரணை வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பிறப்புப் பதிவில் உள்ள அந்த வேறு பெயர்க்காரர் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

பூட்டியை நான் கண்டதில்லை. அவருடைய படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரேயொரு கதைதான். பூட்டன் காய்ச்சலில் இறந்தபோது பூட்டிக்கு மிகவும் இளவயது. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தமையன்மார் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஆனையிறவு கடந்து வந்தார்கள், தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதற்காக. யானையும் காய்ச்சலும் உலவிய இடத்தில், ஆண் துணையில்லாத குடிசையில் அவர்களை விட்டுவைக்கத் தமையன்மாருக்கு மனமில்லை. பூட்டி அவர்களுக்குச் சோறு போட்டார். "பயிர் பால்பிடிக்குது அண்ணை, இப்ப எப்பிடி விட்டிட்டு வாறது?" என்றாராம். வெட்டு முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து மறுபடியும் வந்தார்கள். "சூடு அடிக்கக் கிடக்குது," என்றாராம், அறுத்துக் குவித்த கதிரைக் காட்டி. பிறகு வந்தபோது விதைத்துவிட்டிருந்தார். அவர் ஒருபோதும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வயல் அவருக்காகப் பதில் சொன்னது. கடைசியில் தமையன்மார் வண்டி கட்டுவதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டபோது நான் சிரித்திருக்கிறேன். இப்போது அதில் எனக்கு வேறொன்று தெரிகிறது. மூத்தவர்களுடைய சொல்லை மறுக்காமலும், அதற்குக் கீழ்ப்படியாமலும், ஒரு பெண் தான் நினைத்த இடத்தில் நின்றுகொள்வதற்கு எவ்வளவு புத்தி வேண்டும்.

அம்மம்மா பிறந்தது தண்ணீரூற்றில். காணி கிடைப்பதற்கு முன்னர் பூட்டனும் பூட்டியும் அங்கேதான் குடியிருந்தார்கள். அந்தப் பகுதியின் பழைய பதிவேடுகளை முல்லைத்தீவில் கேட்டேன். மாவட்ட எல்லைகள் மாறுவதற்கு முந்திய காலத்துக்குரியவை என்பதால் வவுனியாவில் பார்க்கச் சொன்னார்கள். நான் நாள்தோறும் கடந்துபோகும் வீதியில் இருந்த ஒரு கட்டடத்துக்குள், தூசு படிந்த இறாக்கைத் தட்டு ஒன்றில், என் அம்மம்மாவின் பிறப்பு இத்தனை காலமாக இருந்திருக்கிறது.

பொறுப்பாக இருந்த இளைஞர் புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பதிவுகாரரின் எழுத்து அழகாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் அவர் அவசரமில்லாமல், தனக்குள் சொல்லிப் பார்த்து எழுதியிருப்பதாகத் தோன்றியது. தகப்பனின் பெயர் என்ற கட்டத்தில், பொமிற்றில் இல்லாத அந்தப் பெயர் நீளமாகவும் கம்பீரமாகவும் இருந்தது. தொழில், உப்பளக் கூலி. தாய் தகப்பன் விவாகம் செய்தவர்களா என்ற கட்டத்தில், இல்லை.

அந்த 'இல்லை' எனக்குச் சற்று நேரம் இடறியது. பிறகு மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் விவாகம் செய்யாதவர்களுக்கே பிறந்திருந்தார்கள். தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு நடந்த கலியாணங்கள் அரசாங்கத்தின் புத்தகத்தில் ஏறாததால் வந்த வினை அது. அதை நான் ஒதுக்கிவைத்தேன்.

ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இல்லாத ஒன்று எங்கள் வரியில் இருந்தது. மற்ற எல்லா வரிகளிலும் தகவல் கொடுத்தவர் தகப்பன். எங்கள் வரியில் மட்டும் தாய். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். மை ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் மங்கியும் இருந்தது. விரலை அழுத்தி எடுக்கும்போது மற்றக் கையில் குழந்தை அசைந்திருக்கலாம்.

படம் ஒன்றும் இல்லாத பூட்டியின் உடலிலிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு விரல்தான். நான் அதைத் தொடவில்லை. தொட்டால் தேய்ந்துவிடும் என்று பயந்தேன். அருகில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவருடையது அகலம்.

பதிந்த மாதத்தைப் பார்த்தபோது அவர் தனியே போன காரணம் விளங்கியது. அது உப்பு வாரும் காலம். பூட்டன் ஆனையிறவில் உப்பளத்தில் நின்றிருப்பார். வாரி முடிந்துதான் வீட்டுக்கு வருவார். பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்த கையோடு பூட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதிவுகாரர் வீட்டுக்கு நடந்திருக்கிறார். பிறந்தது பெண்பிள்ளை. பதியாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகள் பதிவில்லாமலே பிறந்து, வாழ்ந்து, இறந்திருக்கிறார்கள். கணவர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதிவைப்பதன் பெறுமதி தெரிந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்தபின்னும் அந்த மற்றப் பெயர் யாருடையது என்பது தெரியவில்லை. பூட்டி மீது என் மதிப்பு உயர்ந்துகொண்டே போன அதே வேளையில், செத்தவீட்டுக் கதையை மறுப்பதற்கு ஒன்றும் கையில் இல்லாமலே நான் விசாரணைக்குப் போனேன்.

காணி உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். மரியாதையானவர். பூட்டனின் பிரச்சினையை எடுப்பதற்கு முன்னர் சின்னம்மாவின் விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம் என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான் பையைத் திறந்து அடையாள அட்டைப் பிரதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்கட அவற்ற பேர் என்னம்மா?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

சின்னம்மா சற்று யோசித்தார். "அவர் நஞ்சு குடிச்சவர்," என்றார்.

உத்தியோகத்தரின் பேனா நின்றது. வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"எப்பயம்மா நடந்தது?" என்றார் உத்தியோகத்தர், குரலைத் தாழ்த்தி.

"அது கனகாலம், பிள்ளை. கடல் கடைஞ்ச நேரம்."

"எந்தக் கடல்? முல்லைத்தீவுப் பக்கமோ?"

சின்னம்மாவுக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தங்கச்சி, அவா புருசன்ர பேரைச் சொல்லமாட்டா. பாற்கடல் கடையேக்க நஞ்சு குடிச்சது ஆர்? யோசிச்சுப் பாருங்கோ."

"சிவபெருமான்," என்றார் உத்தியோகத்தர். முகம் சிவந்துவிட்டது. "அப்ப, சங்கரனோ?"

"கிட்ட வந்திட்டியள்," என்றார் சின்னம்மா. "தொண்டையைப் பிடியுங்கோ."

"கடவுளின்ர தொண்டையை நான் பிடிக்கிறதோ?"

"நீங்கள் பிடியாதேங்கோ. பெண்சாதி பிடிச்சதாலதான் நீலமா நிண்டது."

அறை முழுவதும் சிரித்தது. நான் கணவரின் பெயரைச் சொன்னேன். உத்தியோகத்தர் எழுதினார். எழுதிவிட்டு, "இனி அவற்ற தகப்பன்ர பேரையும் இப்பிடித்தான் சொல்லுவியளோ அம்மா?" என்றார்.

"மாமாவின்ர பேரும் நான் சொல்லுறேல்ல," என்றார் சின்னம்மா, அது இயல்பான ஒன்று என்பதுபோல.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு எண்ணம் வந்தது. நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்? கிட்ட வந்தது போதும் என்று சின்னம்மா விட்டிருந்தால்? உத்தியோகத்தர் சங்கரன் என்றே எழுதியிருப்பார். சின்னம்மா தலையாட்டியிருப்பார். என் சித்தப்பா காகிதத்தில் வேறு மனிதர் ஆகியிருப்பார்.

கையில் இருந்த இரண்டு பிரதிகளையும் மறுபடி பார்த்தேன். பொமிற்றில் உள்ள பெயர் முருகனுடையது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரும் முருகனுடையதே. ஒரே கடவுளுக்கு நாம் வைத்திருக்கும் பல பெயர்களில் இரண்டு. இவ்வளவு நாளும் நான் இரண்டு மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உத்தியோகத்தரிடம் இன்னும் ஒரு தவணை கேட்டேன். கொடுத்தார். "இதுதான் கடைசி, அக்கா. மற்ற ஆளின்ர விண்ணப்பமும் கிடக்குது," என்றார்.

பஸ்ஸில் வரும்போது சின்னம்மாவிடம் கேட்டேன். "பூட்டி, பூட்டன்ர பேரைச் சொல்லுவாவோ?"

"உனக்கென்ன விசரோ? நானே சொல்லுறேல்ல. அவா சொல்லுவாவோ?" என்றார். சிறிது தூரம் போனபின் அவராகவே தொடர்ந்தார். "கந்தசட்டி எண்டுகூட அம்மம்மா சொல்லமாட்டா. ஆறுநாள் விரதம் எண்டுதான் சொல்லுவா. கோயிலில பஜனை படிக்கேக்க அந்தச் சொல் வந்தால் வாயை மூடிப்போடுவா. பிறகு அடுத்த சொல்லில வந்து சேருவா. நாங்கள் சின்னனில அதைப் பாக்கிறதுக்கெண்டே அவவுக்குப் பக்கத்தில போய் இருப்பம். ஒருநாளும் பிழைக்காது."

பூட்டனின் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. வாசிப்பவர்கள் பதிவுகாரரைவிடச் சரியாக ஊகித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் தண்ணீரூற்றுக்குப் போனேன். அந்தக் காலத்துப் பதிவுகாரர் எப்படிப்பட்டவர் என்று அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. சந்திக்கு அருகில் கடை வைத்திருக்கும் ஒரு முதியவரைக் கேட்கும்படி ஊரவர்கள் சொன்னார்கள். அவருடைய குடும்பம் தலைமுறைகளாக அங்கே வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"பதிவுகாரர்ட வளவு இதுதான்," என்று கடைக்குப் பின்னால் ஒரு வெறுங்காணியைக் காட்டினார். "நான் அவரக் கண்டதில்ல. வாப்பா நல்லாப் பழகினவர். பெரிய புராணப் படிப்புக்காரராம். கோயில்ல படிச்சுப் பயன் சொல்றவராம்."

"பெண்கள் கணவருடைய பெயரைச் சொல்லாவிட்டால் என்ன செய்வாராம், நானா?" என்று, அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுதானே அவருக்குப் பெருநாள். நேராக் கேக்கமாட்டாராம். 'சரி, எந்தச் சாமி? எந்தக் கதை?' எண்டு விடுகதை மாதிரி கேட்டுக் கண்டுபிடிப்பாராம். கண்டுபிடிச்சதோட நிக்கமாட்டாராம். சின்னப் பேர் எண்டா அழகில்ல எண்டு நீட்டி எழுதுவாராம். வாப்பா சொல்லுவார், 'கறுவல் எண்ட பேரோட போன புள்ளக்கி அந்த மனுசன் ராசாட பேரக் குடுத்து அனுப்புவான்' எண்டு."

"உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்களா?"

"எங்கட உம்மாமாரும் சொல்லமாட்டாங்க. ஆனா எங்கட பேருக்கு விடுகதை போட ஏலாதே. பக்கத்து வீட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போய் அதைச் சொல்ல வெக்கிறதுதான். அதால எங்கட பேரெல்லாம் சரியா இருக்கு." வெறுங்காணியின் பக்கம் திரும்பினார். "பேர் சரியா இருந்தும் காணி எடுக்க நாங்களும் அலைஞ்சதுதான், தங்கச்சி."

அந்த வளவில் நின்றபோது பூட்டி எனக்கு மிக அருகில் வந்துவிட்டதாக உணர்ந்தேன். கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு இளம்பெண். முன்னால், தன் கெட்டித்தனத்தில் மகிழ்ந்துபோன ஒரு பெரிய மனிதர். அவர் எதை எழுதுகிறார் என்று பூட்டிக்கு வாசிக்கத் தெரியாது. அவர் உரக்கச் சொல்லியிருந்தால்கூட, அந்தப் பெயர் தவறு என்று திருத்துவதற்குச் சரியான பெயரை வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பெருவிரலை மையில் தோய்த்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அந்த வழக்கத்தை நான் கைக்கொள்வதில்லை. என் கணவரை நான் வீட்டுக்கு வெளியிலிருந்தும் பெயர் சொல்லி அழைப்பேன். ஆனாலும் ஒரு சொல்லைத் தன் நாக்கில் படவிடாமல் ஆயுள் முழுவதும் காத்த அந்தக் கவனத்தை என்னால் குறைவாக மதிக்க முடியவில்லை. பஜனையின் நடுவில் ஒரு கணம் வாய் மூடி, தாளம் தப்பாமல் மறுபடி சேர்ந்துகொள்ளும் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். அது பயத்தால் வந்த மௌனம் என்று எனக்குத் தோன்றவில்லை. தமையன்மாருக்கே பயப்படாதவர் அவர்.

ஊகம் சரியாக இருந்தாலும் கந்தோருக்கு ஊகம் போதாது. பூட்டிக்கு வேறு பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். அவர்களில் யாருடைய பிறப்பையாவது பூட்டனே போய்ப் பதிந்திருந்தால், அங்கே அவருடைய உண்மையான பெயர் இருக்க வேண்டும். மறுபடி அதே மேசையில் போய் அமர்ந்தேன். இம்முறை தகப்பன் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயரைத் தேடினேன். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துக் கீழே இறங்கி வந்தேன். அந்த வேலை பல நாட்கள் எடுத்தது. எனக்கு அது சலிக்கவில்லை. எத்தனையோ வீடுகளின் பிள்ளைகளைக் கடந்துதான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

முதலில் கிடைத்தது ஓர் ஆண்பிள்ளை. சிறுவயதிலேயே இறந்துபோன அம்மம்மாவின் தம்பி. தாயின் பெயரும் தாயின் ஊரும் எழுத்துப் பிசகாமல் முன்னைய பதிவில் இருந்தபடியே இருந்தன. தகவல் கொடுத்தவர் தகப்பன். பெயர், பொமிற்றில் உள்ள அதே பெயர். கீழே பூட்டனின் கையொப்பம். அரசாங்கத்தின் புத்தகம் என்று பாராமல் முதலில் பிள்ளையார் சுழி போட்டு, அதன்பின் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதியிருந்தார்.

சில வருடங்கள் தள்ளி இன்னொரு பெண்பிள்ளை. மறுபடியும் தாய், மறுபடியும் பெருவிரல். தகப்பனின் பெயரைப் பார்த்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வந்தது. இம்முறை பதிவுகாரர் மூன்றாவது பெயர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார், முதலாவதைவிட நீளமானது.

பொறுப்பாக இருந்த இளைஞர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அக்கா, இந்த அம்மாவுக்கு மூண்டு பேரோ?"

"ஒராள்தான், தம்பி," என்றேன். "ஆறு முகம் உள்ளவர்."

மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு நானும் சின்னம்மாவும் கந்தோருக்குப் போனோம். அன்று காலையில்தான் அவர் என்னிடம், "இது சரிவராட்டி நான் எங்க போறது?" என்று முதல்முறையாகக் கேட்டிருந்தார். எத்தனையோ தரம் இடம்பெயர்ந்த ஒருவருடைய வாயிலிருந்து வந்த கேள்வி அது.

உத்தியோகத்தர் பிரதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பொமிற்றின் கந்தோர்ப் பிரதியை எடுத்து வந்தார். அதில் பூட்டன் ஒப்பமிட்ட இடத்திலும் பிள்ளையார் சுழி இருந்தது. அதே சுழி, அதே தனித்தனி எழுத்துகள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு விளங்குது, அக்கா," என்றார் கடைசியில். "இதை எங்கட பெரியவருக்கு என்னெண்டு எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்கள்," என்றேன்.

அவர் சற்று யோசித்து, பேனாவைத் திறந்து, எழுதுவதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். கணவரின் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் காரணமாகத் தாய் பதிந்த இரு பிறப்புகளிலும் அப்பெயருக்கு ஒப்பான வேறு பெயர்கள் இடம்பெற்றுள்ளன. எழுதி முடித்துவிட்டுச் சிரித்தார். "என்ர அம்மாவும் அப்பாவை 'இஞ்சாருங்கோ' எண்டுதான் கூப்பிடுறவா. நான் பிறந்ததைப் பதியப் போனது ஆரெண்டு இண்டைக்குப் போய்க் கேக்கவேணும்."

ஒரே ஆள் என்பதற்குச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம். காணியில் வைத்து விசாரணை நடந்தது. அயலிலிருந்த பெரியவர்கள் வந்து, பூட்டியைத் தங்களுக்குத் தெரியும் என்றும், அவர் வயலில் நின்றதைக் கண்டிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். மற்ற விண்ணப்பகாரர் வரவில்லை. அடுத்த போகத்துக்கு விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது.

அன்று சின்னம்மாவின் மகளும் எங்களோடு வந்திருந்தாள். காலில் வயற்சேறு காயாமல், செருப்பை வெளியில் விட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றாள். உத்தியோகத்தர் பத்திரத்தைச் சின்னம்மாவின் பெயருக்கு எழுதி, ஒப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினார். சின்னம்மா வைத்தார். இனி ஒரு கட்டம்தான் மீதி என்றார் உத்தியோகத்தர்.

"பின்னுரித்தாளர் ஆர் அம்மா? உங்களுக்குப் பிறகு காணி ஆருக்கு?"

"மகளுக்கு."

"மகன் ஒராள் இருக்கிறார் எண்டு போட்டிருக்கு. மூத்தவர்."

"ஓம், கனடாவில. அவர் அங்க பனிக்குள்ள நெல்லு விதைக்கப்போறாரோ?"

உத்தியோகத்தர் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு மகளின் பெயரைக் கேட்டார். சின்னம்மா கதிரையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, மேசையில் கை ஊன்றி, பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எந்த எழுத்துக் குறில், எந்த எழுத்து நெடில் என்பதையும் சொன்னார். எழுதி முடிந்ததும், "ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை," என்றார். உத்தியோகத்தர் வாசித்தார். சின்னம்மா என்னிடமும் அதைத் தள்ளி வாசிக்கச் சொன்னார். நானும் வாசித்தேன். சரியாக இருந்தது.

"அம்மா, வாய்க்காலைத் திறந்துவிட்டிட்டு வந்தனான்," என்றாள் மகள் சுவரோரமிருந்து. "கெதியா வாங்கோ, தண்ணி வரம்பை உடைக்கப்போகுது."